வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்: பேக்கார்டின் பெயர் எழுந்ததும் விழுந்ததும்

அமெரிக்கக் கார்களின் வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்களிடம் பேக்கார்டு நிறுவனம் ஏன் அழிந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும். பெருஞ்செல்வர்களுக்கு மட்டும் கார் செய்துவந்த அந்த நிறுவனம் 1935ஆம் ஆண்டில் ஆயிரம் டாலருக்கும் குறைவான விலையில் ஒரு காரைக் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கரும் பேக்கார்டு வாங்க முடியும் என்ற நிலை வந்ததும் செல்வர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுக் காரான கேடில்லாக்கின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். 1958இல் கதை முடிந்தது. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும் இந்தத் தீர்ப்பு, நடந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் நிற்பதில்லை என்பது என் கருத்து. பேக்கார்டின் பெயரைக் கெடுத்தது குறைந்த விலை அன்று. தன் பெயரைத் தாங்கிய பொருளைத் தன் கையாலேயே செய்யும் பொறுப்பை அது சிறிது சிறிதாகப் பிறரிடம் விட்டதும், தன் உயர்ந்த காரைத் தானே கவனிக்காமல் போனதுமே காரணங்கள். அரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்காவில் உயர்வுக்கு மறுபெயராக இருந்த ஒரு நிறுவனத்தின் மேல் தவறான குற்றம் சுமத்தப்பட்டிருப்பதாக நான் நினைப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

தொடக்கம் ஒஹாயோ மாநிலத்தின் வாரன் என்ற சிறு நகரில். ஜேம்ஸ் வார்டு பேக்கார்டும் அவருடைய அண்ணன் வில்லியம் டவுட் பேக்கார்டும் அங்கே மின்விளக்குகளும் மின்சாதனங்களும் செய்யும் தொழிற்சாலையை நடத்திவந்தார்கள். இளையவர் லீஹை பல்கலைக்கழகத்தில் படித்த இயந்திரப் பொறியாளர். அவர் 1898இல் கிளீவ்லாந்து நகரின் அலெக்சாண்டர் வின்டனிடம் ஒரு கார் வாங்கினார். அது வீடு வந்து சேர்வதற்குள்ளேயே பழுதாகி, கடைசியில் குதிரைகள் இழுத்துவர வேண்டியதாயிற்று என்று சொல்வதுண்டு. பேக்கார்டு குறைகளை வரிசையாக எடுத்துச் சொல்ல, அவ்வளவு தெரிந்தவர் தாமே ஒரு காரைச் செய்துகொள்ளலாமே என்று வின்டன் எரிச்சலோடு பதில் சொன்னாராம். உரையாடல் அப்படியே நடந்ததோ இல்லையோ, வின்டனிடம் இருந்த இரண்டு திறமையான ஆட்களை அழைத்துக்கொண்டு வந்து, 1899 நவம்பர் 6ஆம் தேதி ஜேம்ஸ் பேக்கார்டு தம் முதல் காரை வாரன் நகரத் தெருக்களில் ஓட்டியது உண்மை. ஒற்றை சிலிண்டர் கொண்ட அந்த வண்டி இன்றும் லீஹை பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. குறை கண்ட ஒரு வாடிக்கையாளர் தொடங்கிய நிறுவனம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்துச் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

கார்கள் விற்கத் தொடங்கிய காலத்தில், அவற்றின் தரத்தைப் பற்றி விவரம் கேட்டு ஒருவர் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு விளம்பர ஏடு எதுவும் இல்லை. என்ன பதில் எழுதுவது என்று உதவியாளர் கேட்டபோது, வைத்திருப்பவரைக் கேட்டுப் பார்க்கச் சொல் என்றாராம் ஜேம்ஸ் பேக்கார்டு. 1901 முதல் அதுவே நிறுவனத்தின் முழக்கமாயிற்று; ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விளம்பரங்களில் அது இருந்தது. இந்த முழக்கத்தில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. எங்கள் கார் சிறந்தது என்று அது சொல்லவில்லை. சாட்சி சொல்லும் உரிமையை வாங்கியவரிடமே கொடுத்துவிடுகிறது. வாங்கியவர் மனநிறைவோடு இருக்கும் வரை இதைவிட வலிமையான விளம்பரம் இருக்க முடியாது. அவர் மனம் கசந்தால் இதைவிடக் கூர்மையான ஆயுதமும் இருக்க முடியாது.

நிறுவனத்தைப் பெரிதாக்கியவர் டெட்ராய்ட் நகரின் செல்வந்தர் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி போர்ன் ஜாய். நியூயார்க்கில் தெருவோரம் நின்றிருந்த இரண்டு பேக்கார்டு கார்கள், தீயணைப்பு வண்டி ஒன்று கடந்துபோனதும் அதைப் பார்ப்பதற்காக ஒரே சுழற்றலில் உயிர்பெற்றுப் புறப்பட்டதைக் கண்டு அவர் அசந்துபோனார் என்பது நிறுவன வரலாற்றில் நிலைத்துவிட்ட கதை. கையால் சுழற்றிச் சுழற்றித் தோள் வலிக்கும் வரை போராடினால்தான் எஞ்சின் ஓடும் என்றிருந்த காலத்தில் அது பெரிய காரியம். அவர் தாமும் முதலீடு செய்து நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, 1903இல் நிறுவனத்தை டெட்ராய்டுக்கு மாற்றினார். அதே ஆண்டு கோடையில் டாம் ஃபெட்ச் என்பவர் ஒற்றை சிலிண்டர் பேக்கார்டு ஒன்றை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை 61 நாள்களில் ஓட்டிவந்தார். அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முதல் கார் சில வாரங்களுக்கு முன்பு அதைச் செய்து முடித்த ஒரு வின்டன்தான். ஆனால் பேக்கார்டு எடுத்துக்கொண்ட நாள்கள் குறைவு. ஜேம்ஸ் பேக்கார்டுக்கு அந்தச் செய்தி தனி மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டெட்ராய்டின் ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஆல்பர்ட் கான் வடிவமைத்த தொழிற்சாலை எழுந்தது. அதன் பத்தாம் எண் கட்டடம், 1905இல் இரும்புக் கம்பிகள் பதித்த கான்கிரீட்டால் கட்டப்பட்டது. மரத்தூண்கள் நெருக்கமாக நின்ற பழைய தொழிற்கூடங்களோடு ஒப்பிட்டால், அகன்ற தளங்களும் பெரிய ஜன்னல்களும் கொண்ட இந்தக் கட்டடம் புது உலகமாக இருந்தது. நெருப்புக்கும் எளிதில் இரையாகாது. பின்னாளில் ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற ஆலைகளைக் கட்டப்போகும் கானுக்குப் பயிற்சிக் களமாக இருந்தது பேக்கார்டுதான்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் பேக்கார்டு, பியர்லெஸ், பியர்ஸ் ஆரோ ஆகிய மூன்றையும் சேர்த்து உயர்ந்த கார்களின் மும்மூர்த்திகளாகப் பேசுவார்கள். பேக்கார்டை அவற்றிலும் தனித்து நிறுத்தியது 1915இல் வந்த ட்வின் சிக்ஸ். வரிசைக்கு ஆறாக இரண்டு வரிசைகளில் பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட, சுமார் 6.9 லிட்டர் அளவுள்ள அந்த எஞ்சினை வடிவமைத்தவர் ஜெஸ்ஸி வின்சென்ட். தொடர் உற்பத்தியில் வந்த உலகின் முதல் பன்னிரண்டு சிலிண்டர் கார் அதுவே. 1923 வரை சுமார் 35,000 கார்கள் விற்றன என்பதிலிருந்து, அது காட்சிப் பொருளாக நின்றுவிடவில்லை என்பது புரியும். 1921இல் பதவியேற்பு விழாவுக்குக் காரில் சென்ற முதல் அமெரிக்க அதிபரான வாரன் ஹார்டிங் ஏறிச் சென்றது ட்வின் சிக்ஸ். முதல் உலகப் போரையொட்டி அமெரிக்க அதிகாரிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த பேக்கார்டுகளைப் பார்த்ததுதான் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் மேல் தமக்கு ஏற்பட்ட காதலுக்கு வித்து என்று என்சோ ஃபெராரி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

தோற்றத்திலும் பேக்கார்டு ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தது. நுகத்தடியைப் போல் இருபுறமும் தோள் வளைந்த அந்த ரேடியேட்டர் முகப்பு 1904இலேயே வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அதன் கோடுகள் மாறவில்லை. சக்கரத்தின் நடுவில் சிவப்பு அறுகோணம். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி, போன ஆண்டுக் காரை வைத்திருப்பவரை வெட்கப்படவைக்கும் வியாபார முறையை ஜெனரல் மோட்டார்ஸ் வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பத்து ஆண்டுப் பழைய பேக்கார்டும் புதிய பேக்கார்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிந்தன. 1916 முதல் தலைமை ஏற்றிருந்த ஆல்வன் மெக்காலியின் நிர்வாகத்தில் 1920களின் பிற்பகுதியில் இந்த நிறுவனம் கேடில்லாக்கைவிட அதிகமாக விற்றது. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியான அமெரிக்கச் சொகுசுக் கார்களிலும் அதற்கே முதலிடம்.

டெட்ராய்டுக்கு வடக்கே, இன்று ஷெல்பி டவுன்ஷிப் என்று அழைக்கப்படும் இடத்தில், 1928இல் பேக்கார்டு தன் சோதனை ஓட்டக் களத்தைத் திறந்தது. இரண்டரை மைல் சுற்றளவுள்ள முட்டை வடிவக் கான்கிரீட் பாதை, சேற்றுப் பாதை, மணல் பாதை, மேடு பள்ளங்கள் எல்லாம் அங்கே இருந்தன. வேலை நிமித்தம் மிச்சிகனில் வாழ்ந்த காலத்தில், பழைய கார்களை அங்கே நிறுத்திக் காட்டும் நாளொன்றில் போயிருக்கிறேன். பாதையின் ஒரு சிறு பகுதியும், ஆல்பர்ட் கான் வடிவமைத்த விடுதிக் கட்டடமும் ஓர் அறக்கட்டளையின் முயற்சியால் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. வரிசையில் நின்ற பெரிய பன்னிரண்டு சிலிண்டர் கார்களைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. நான் அதிக நேரம் நின்றது 1930களின் நடுவில் செய்யப்பட்ட ஒரு ஒன் ட்வென்டி காரின் அருகில். எல்லாப் பழியையும் சுமக்கும் அந்த மலிவான கார் அதுதான். அதன் உரிமையாளர் ஒரு முதியவர். அவரிடம், வெறும் காட்சிக்கா அல்லது ஓட்டுவீர்களா என்று கேட்டேன். வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் இன்றைய வண்டிகளோடு சேர்ந்து ஓட்டுவதாகவும், பெரிய பேக்கார்டை வைத்திருக்கும் நண்பர்கள் தொலைதூரம் போக வேண்டுமானால் தம்முடைய காரில்தான் ஏறிக்கொள்வதாகவும் சொன்னார். எஞ்சினையும் ஓடவிட்டார். எட்டு சிலிண்டர்களும் ஒரே நேர்வரிசையில் நிற்கும் அந்த எஞ்சின் ஓடுவதை, பக்கத்தில் நின்றும் காதைவிடக் கையால்தான் என்னால் அறிந்துகொள்ள முடிந்தது. பானெட்டின் மேல் கைவைத்தபோது சிறு நடுக்கம் இருந்தது, சத்தம் அநேகமாக இல்லை.

அந்தக் கார் பிறந்த சூழ்நிலையைச் சொல்ல வேண்டும். 1929இன் சந்தை வீழ்ச்சிக்குப் பிறகு, மூவாயிரம் நாலாயிரம் டாலர் கொடுத்துக் கார் வாங்குவோர் மறைந்துபோனார்கள். வாங்க முடிந்தவர்களும், வேலையிழந்தோர் நிற்கும் தெருவில் பெரிய காரில் போக அஞ்சினார்கள் அல்லது கூசினார்கள். பியர்லெஸ் 1931இல் கார் செய்வதை நிறுத்திவிட்டு, பிறகு தன் ஆலையில் பீர் வடிக்கத் தொடங்கியது. மார்மன் 1933இல் போயிற்று, ஃபிராங்க்ளின் 1934இல், டூசன்பர்க் 1937இல், பியர்ஸ் ஆரோ 1938இல். கேடில்லாக்கைத் தாங்க ஷெவர்லே விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் இருந்தது. லிங்கனைத் தாங்க ஃபோர்டு இருந்தது. பேக்கார்டைத் தாங்க யாரும் இல்லை. தனித்து நின்ற சொகுசுக் கார் நிறுவனங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தபோது பேக்கார்டு மட்டும் உயிர்பிழைத்ததற்கு ஒரே காரணம் ஒன் ட்வென்டி.

120 அங்குலச் சக்கர இடைவெளியால் பெயர்பெற்ற அந்தக் காரின் விலை 980 டாலரில் தொடங்கியது. அப்போது பெரிய பேக்கார்டு ஒன்றை வாங்க 2,000 டாலருக்கு மேல் வேண்டும். மெக்காலி இதை அரைமனதோடு செய்யவில்லை. பெருமளவு உற்பத்தியின் நுணுக்கம் தெரிந்த ஜார்ஜ் கிறிஸ்டோஃபரை, ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்தவரை, அழைத்துவந்து தொழிற்சாலையின் ஒரு பகுதியை முழுவதுமாகப் புதிதாக்கினார். முன்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் சஸ்பென்ஷனும் ஹைட்ராலிக் பிரேக்கும் ஒன் ட்வென்டியில் முதல் நாளிலிருந்தே இருந்தன. பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட பெரிய பேக்கார்டுக்கு அவை இரண்டு ஆண்டுகள் கழித்து 1937இல்தான் வந்தன. விலை குறைந்த கார் எந்திர அமைப்பில் விலை உயர்ந்ததைவிட முன்னே நின்றது. பெயரை விற்றுக் காசாக்க நினைப்பவர்கள் இப்படிச் செய்வதில்லை. 1937இல் ஆறு சிலிண்டர் கொண்ட இன்னும் மலிவான காரும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு உற்பத்தி ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த வாங்குபவர்கள் ஏமாற்றப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. வைத்திருப்பவரைக் கேட்டால் இன்னும் நல்ல பதில்தான் வந்தது.

இங்கே ஒரு குறையை ஒப்புக்கொண்டாக வேண்டும். கேடில்லாக் 1927இல் சற்று விலை குறைந்த காரைக் கொண்டுவந்தபோது அதற்கு லாசால் என்று வேறு பெயர் வைத்தது. அதன் வேலை முடிந்ததும் 1940இல் அந்தப் பெயரையே நிறுத்திவிட்டது. பேக்கார்டு இரண்டுக்கும் ஒரே பெயரையும் ஒரே முகத்தையும் கொடுத்தது. 1935இல் அதற்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மக்கள் வாங்க வந்ததே அந்தப் பெயருக்காகத்தான். ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகு மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் பிரித்திருக்க வேண்டும். 1940களில் அதைச் செய்வதற்குக் காலமும் பணமும் இருந்தன. செய்யவில்லை.

1940இல் தொழிற்சாலையிலேயே ஏர் கண்டிஷனர் பொருத்தி விற்ற முதல் கார் நிறுவனமாகப் பேக்கார்டு ஆனது. டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட அந்தச் சாதனத்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்து நிறுத்த முடியாது. குளிர் போதுமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதிகம் விற்கவில்லை. புதியதை முதலில் முயன்று பார்க்கும் துணிவு அப்போதும் அங்கே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு வந்த கிளிப்பர், தாழ்ந்து அகன்ற அழகிய கார். ஆனால் அதன் பாடியைச் செய்யும் வேலையைப் பேக்கார்டு பிரிக்ஸ் என்ற வெளி நிறுவனத்திடம் கொடுத்தது. தகடு வெட்டுவதிலிருந்து தோல் இருக்கை தைப்பது வரை தன் கூரையின் கீழேயே செய்துவந்த நிறுவனம், செலவு குறையும் என்ற கணக்கில் காரின் கண்ணுக்குத் தெரியும் பகுதி முழுவதையும் வெளியே அனுப்பியது. எல்லாத் திருப்புமுனைகளிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அன்று யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர் வந்ததும் பேக்கார்டின் கைத்திறன் கடைசி முறையாக முழு அளவில் வெளிப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்து தருவதற்கு ஹென்றி ஃபோர்டு மறுத்துவிட, 1940 செப்டம்பரில் பேக்கார்டு அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. தேர்ந்த பணியாளர்கள் கையால் சரிபார்த்துப் பொருத்தும் முறைக்கு ஏற்ப வரையப்பட்டிருந்த பிரிட்டிஷ் வரைபடங்களைப் பெருமளவு உற்பத்திக்கு உகந்தபடி திரும்ப வரைந்தார்கள். பிரிட்டிஷ் அளவு மரைகளை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அவற்றை வெட்டும் கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். இங்கிலாந்தில் செய்த எஞ்சினுக்கும் டெட்ராய்டில் செய்த எஞ்சினுக்கும் உதிரிப் பாகங்கள் மாறிப் பொருந்த வேண்டும் என்பதே நோக்கம். போர் முடிவதற்குள் 55,000க்கும் மேற்பட்ட மெர்லின்கள் அங்கிருந்து வெளிவந்தன. முஸ்டாங் போர் விமானத்தைத் தொலைதூரம் பறக்கவைத்து ஜெர்மனிக்குள் குண்டுவீச்சு விமானங்களோடு துணைபோகச் செய்தது பேக்கார்டு செய்த மெர்லின்தான்.

அதே தொழிற்சாலையில் அதே போர்க்காலத்தில் நடந்த இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1943 ஜூன் மாதத் தொடக்கத்தில், மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்கு எஞ்சின் பிரிவில் பதவி உயர்வு கொடுத்ததை எதிர்த்து சுமார் 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். தொழிற்சங்கத் தலைமையே அதைக் கண்டித்து அவர்களைத் திரும்ப வரச்செய்தது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் டெட்ராய்ட் நகரம் இனக் கலவரத்தில் எரிந்தது. 34 பேர் இறந்தார்கள், அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். மெர்லினைப் பெருமையோடு சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

போர் முடிந்தபோது பேக்கார்டிடம் கடன் இல்லை, கையிருப்பு இருந்தது, பெயர் இருந்தது. இரும்புக்குத் தட்டுப்பாடு நிலவிய அந்த ஆண்டுகளில் எந்தக் காரைச் செய்தாலும் விற்றுவிடும். கிடைக்கும் இரும்பை உயர்ந்த கார்களுக்குச் செலவிட்டிருந்தால் வருவாயும் மதிப்பும் ஒருசேரக் கூடியிருக்கும். ஒன்பது பேரிங்குகளில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் கொண்ட 5.8 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின், அமைதியிலும் உறுதியிலும் உலகில் எதற்கும் இளைக்காமல், அவர்களிடம் இருந்தது. ஆனால் அப்போது தலைவராகியிருந்த கிறிஸ்டோஃபருக்கு எண்ணிக்கையே கண்ணாக இருந்தது. மலிவான கார்களையும் வாடகைக் கார்களையும் செய்து குவித்தார். 1948இல் கிளிப்பரின் மெலிந்த பக்கங்களின் மேல் கூடுதல் தகடு போர்த்தி உப்பவைத்ததை, கர்ப்பிணி யானை என்று கேலி செய்தார்கள். ஒன் ட்வென்டியைக் கொண்டுவந்து காப்பாற்றிய அதே மனிதர் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தவறான இடத்தில் அதே வழியைத் தொடர்ந்தார். குற்றத்தை 1935இல் தேடுவதைவிட இந்த 1946 முதல் 1949 வரையிலான ஆண்டுகளில் தேடுவதே நியாயம்.

எதிரில் கேடில்லாக் 1948இல் வால்துடுப்புகளையும், 1949இல் மேல்வால்வு கொண்ட புதிய வி-8 எஞ்சினையும் கொண்டுவந்தது. 1949இல் எண்ணிக்கையில் பேக்கார்டே முன்னே இருந்தது. 1950இல் கேடில்லாக்கின் உற்பத்தி முதல் முறையாக ஒரு லட்சத்தைத் தாண்ட, பேக்கார்டின் விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. தனித்து நின்ற ஒரு சிறிய நிறுவனம் யாருடைய உதவியும் இல்லாமல் அல்ட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனை 1949இல் உருவாக்கியது பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பணமும் உழைப்பும் போனதில் வி-8 எஞ்சினுக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1952இல் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் நான்ஸ் ஹாட்பாயின்ட் என்ற வீட்டுச் சாதன நிறுவனத்தில் பெயர்பெற்றவர். நோயை அவர் சரியாகவே கண்டுகொண்டார்: மலிவான கார்களுக்குக் கிளிப்பர் என்று தனிப் பெயர் கொடுத்து, பேக்கார்டு என்ற பெயரை உயர்ந்த கார்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அது முழுமையாக நடந்தது 1956இல்தான். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. 1953இன் இறுதியில் பிரிக்ஸ் நிறுவனத்தின் கார் பாடித் தொழிலைக் கிரைஸ்லர் வாங்கிக்கொண்டது. 1954ஆம் ஆண்டுக் கார்களோடு பேக்கார்டுக்குப் பாடி கொடுப்பது நின்றுவிடும் என்றும் தெரிவித்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன் காருக்குத் தானே பாடி செய்யாத நிறுவனம், ஓராண்டுக்குள் அந்தக் கலையைத் திரும்பக் கற்றாக வேண்டும். கானர் அவென்யூவில் கிரைஸ்லரிடமிருந்து ஒரு சிறிய ஆலையைக் குத்தகைக்கு எடுத்து, பாடியை மட்டுமன்றிக் காரைப் பொருத்தி முடிக்கும் வேலை முழுவதையும் அதற்குள் திணித்தார்கள். ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டின் பரந்த தளங்கள் அருகிலேயே காலியாகக் கிடந்தன.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, அந்த நெருக்கடியில் பிறந்த 1955ஆம் ஆண்டுக் கார் பொறியியலில் அவ்வளவு சிறந்தது என்பதுதான். வில்லியம் ஆலிசன் உருவாக்கிய டார்ஷன் லெவல் சஸ்பென்ஷனில் சுருள்வில்லும் இல்லை, பட்டைவில்லும் இல்லை. காரின் நீளத்துக்கு ஓடும் முறுக்குத் தண்டுகள் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைத்தன. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது பிறக்கும் விசை சட்டகத்தை உலுக்காமல் பின்சக்கரத்துக்குப் போய்விடும். பின்னிருக்கையில் ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால், சில நொடிகள் பொறுத்து ஒரு மின்மோட்டார் அதைத் தானாகவே சமன்செய்யும். அமெரிக்காவில் அன்று வேறு எந்தப் பெரிய காரும் கரடுமுரடான சாலையில் அவ்வளவு அமைதியாக ஓடவில்லை. அந்தக் கார் கானர் ஆலையிலிருந்து கதவு சரியாகப் பொருந்தாமலும், உள்ளே தண்ணீர் கசிந்தும், முடிக்கப்படாத வேலைகளோடும் வெளிவந்தது. புதிய வி-8 எஞ்சினின் ஆயில் பம்ப் தொல்லை கொடுத்தது. அதன் விசையைப் பழைய அல்ட்ராமேட்டிக்கால் தாங்க முடியவில்லை. விற்பனை முகவர்கள் தங்கள் பட்டறைகளில் அவற்றைச் சரிசெய்து கொடுத்துச் சலித்தார்கள். 1955இல் ஒரு பேக்கார்டு வாங்கலாமா என்று எண்ணியவர், அந்தப் பழைய முழக்கம் சொன்னபடியே, வைத்திருப்பவரைக் கேட்டார். கிடைத்த பதிலைக் கேட்டுவிட்டுக் கேடில்லாக் வாங்கினார். அடுத்த ஆண்டு, கிளிப்பரையும் சேர்த்தே 30,000க்கும் குறைவான கார்கள்தான் உற்பத்தியாயின.

இடையில் 1954இல் ஸ்டுடிபேக்கர் என்ற இன்னொரு கார் நிறுவனத்தோடு நடந்த இணைப்பைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. கணக்குப் புத்தகங்களைச் சரியாகப் பாராமல் வாங்கினார்கள். ஸ்டுடிபேக்கர் நட்டமில்லாமல் நடக்க ஆண்டுக்குச் சுமார் 2,82,000 கார்கள் விற்றாக வேண்டும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அது விற்றது அதில் பாதிகூட இல்லை. பேக்கார்டிடம் மிஞ்சியிருந்த பணம் அந்தப் பள்ளத்தில் போயிற்று. கடன் கொடுக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மறுத்துவிட்டன. 1956 ஜூன் 25ஆம் தேதி டெட்ராய்டில் கடைசிப் பேக்கார்டு வெளிவந்தது.

பெயர் மட்டும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் செய்த ஸ்டுடிபேக்கர் கார்களில் பேக்கார்டின் அலங்காரங்களைப் பொருத்தி விற்றார்கள். 1958ஆம் ஆண்டுக் காரில், முகவிளக்குகள் இரண்டிரண்டாக இருக்க வேண்டும் என்ற அந்த ஆண்டின் நாகரிகத்துக்காக, பழைய தகட்டின் மேல் கண்ணாடியிழைக் கூடுகளை ஒட்டினார்கள்; இருந்த வால்துடுப்புக்கு மேல் இன்னொரு துடுப்பு. மூவாயிரம்கூட விற்கவில்லை. உண்மையிலேயே பெயரை மட்டும் விற்ற பேக்கார்டுகள் இவைதான். ஒன் ட்வென்டியின் மேல் சொல்லப்படும் பழி முழுவதும் நியாயமாக இவற்றுக்கே உரியது. 1962இல் இணைந்த நிறுவனத்தின் பெயரிலிருந்தும் பேக்கார்டு நீக்கப்பட்டது.

மலிவான கார்தான் கொன்றது என்று வாதிடுபவர்கள் கேடில்லாக்கையே எடுத்துப் பார்க்கலாம். ஷெவர்லே கவலியரின் அடித்தளத்தில் சிமரான் என்ற சிறிய காரை 1982ஆம் ஆண்டுக் காராகக் கொண்டுவந்தபோது, பெயரைச் சில்லறையாக மாற்றும் காரியத்தைப் பேக்கார்டைவிட மோசமாகவே செய்தது கேடில்லாக். கவலியரிலிருந்து அதை வேறுபடுத்திக் காட்டக்கூடப் போதிய உழைப்பைச் செலுத்தவில்லை. ஆனாலும் கேடில்லாக் இன்றும் இருக்கிறது, ஏனென்றால் இருபது ஆண்டுத் தவறுகளைத் தாங்கித் திருத்திக்கொள்ள அவகாசம் தரும் ஒரு பெருநிறுவனம் அதற்குப் பின்னால் இருந்தது. பேக்கார்டுக்கு ஓர் ஆண்டின் தவறே போதுமானதாயிற்று.

ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டின் தொழிற்சாலை கைவிடப்பட்டு, டெட்ராய்டின் வீழ்ச்சிக்கு அடையாளமாக உலகெங்கும் புகைப்படங்களில் அறியப்பட்டது. கூரை இடிந்து, ஜன்னல்கள் உடைந்து நின்ற அந்தக் கட்டடங்களை நானும் சாலையிலிருந்து பார்த்திருக்கிறேன். அழிவின் அழகு என்று சொல்லி அதைப் படமெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட இடம் அது. நகராட்சி 2022இல் இடிக்கத் தொடங்கி 2024இல் முடித்தது. வாரன் நகரில் பேக்கார்டின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஷெல்பி டவுன்ஷிப்பின் சோதனைக் களத்தையும் பொதுமக்கள் பார்க்கலாம். அந்தப் பக்கம் போக வாய்ப்புள்ளவர்கள், கார்களை வெளியே கொண்டுவந்து நிறுத்தும் நாளாகப் பார்த்துப் போங்கள். பன்னிரண்டு சிலிண்டர் கார்களைப் பார்த்து முடித்த பிறகு, வரிசையில் எங்கேனும் ஓரத்தில் ஒரு ஒன் ட்வென்டி நின்றால், அதன் உரிமையாளரிடமும் சற்று நேரம் பேசுங்கள்.